உங்கள் பெயரில் வேறொருவர் சிம் வாங்கினால், கடன் எடுத்தால்: தடுக்கும் வழி, பொறுப்பு யாருக்கு, புகார் எங்கே

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் போன வருடம் என் கடைக்கு வந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று சின்னக் கடை என்னுடையது. அவர் கையில் வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து வந்த கடிதம். அவர் பெயரில் இருக்கும் ஒரு செல் நம்பரிலிருந்து யாரையோ ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள், விசாரணைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த நம்பரை அவர் பார்த்ததே இல்லை.

பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்னால், தெருவோரம் குடை போட்டு சிம் விற்றவரிடம் ஒரு சிம் வாங்கியிருக்கிறார். விரல் வைத்ததும், "யக்கா, கை சரியா விழல, இன்னொரு வாட்டி வைங்க" என்றாராம் அவர். நாள் முழுக்க ஐஸிலும் செதிலிலும் புழங்கும் கை. ரேஷன் கடை மிஷினே மூன்று நாலு முறை வைத்தால்தான் அந்த விரலை ஏற்கும். அதனால் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. முதல் தடவை வைத்ததற்கு அவர் கையில் ஒரு சிம் வந்தது. இரண்டாம் தடவை வைத்ததற்கு இன்னொரு சிம் உயிர் பெற்று வேறு யாருடைய கைக்கோ போயிருக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "நான்தான் கட்டணுமா?" என்பதைத்தான். பெரும்பாலும் கட்ட வேண்டாம். ஆனால் எத்தனை நாளுக்குள் சொன்னீர்கள், எழுத்தில் சொன்னீர்களா என்பதை வைத்துத்தான் அந்தப் பதில் உறுதியாகும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள்

சிம்மிலிருந்து தொடங்குங்கள். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம் 2023 மே மாதம் தொடங்கப்பட்டது. உங்கள் செல் நம்பரைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால், உங்கள் பெயரில் இருக்கும் எல்லா இணைப்புகளும் வரிசையாக வரும். தெரியாத நம்பருக்குப் பக்கத்தில் 'இது என் நம்பர் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒரு குறிப்பு எண் வரும். அதை எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம் என்பதால், நாலைந்து நம்பர் கூடுதலாக ஓடினாலும் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். நீங்களாகப் பார்த்தால்தான் உண்டு. போன் தொலைந்தால் அதை முடக்குவதும் இதே தளத்தில்தான்.

அடுத்தது ஆதார். 'மை ஆதார்' தளத்தில் உங்கள் ஆதார் கடந்த 6 மாதத்தில் எந்தெந்தத் தேதியில், விரல் வைத்தோ ஓடிபி கொடுத்தோ சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. நீங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் விரல் வேறெங்கோ வைக்கப்பட்டதாக அது சொன்னால், உடனே 1947 எண்ணுக்குப் பேசுங்கள்.

கடன் அறிக்கையைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். குழுக் கடன் வாங்கிய பெண்கள் கிரிஃப் ஹை மார்க் அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்கள் அதில் நிறைய பதிவாகின்றன. குழுத் தலைவியிடம் கொடுத்த ஆதார் நகலை வைத்து, உறுப்பினருக்கே தெரியாமல் இரண்டாவது கடன் எடுத்ததை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் நானே அறிக்கையைத் திறந்து காட்டியிருக்கிறேன். அந்த அம்மா பேசாமல் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பான் கார்டு இருப்பவர்கள் ஜிஎஸ்டி தளத்துக்குப் போய், 'பான் வைத்துத் தேடு' என்ற பகுதியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பானில் யாராவது கம்பெனி பதிவு செய்திருந்தால் அங்கே தெரியும். கூலி வேலை செய்பவர்களுக்கு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டிலேயே படித்திருப்பீர்கள். லோன் வாங்கித் தருகிறேன் என்று யாரோ வாங்கிப் போன பான், ஆதார் நகல்தான் பல சமயம் அதற்கு வேர்.

படி 2: ஆதாரைப் பூட்டுங்கள்

'மை ஆதார்' தளத்திலேயே கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டலாம். பூட்டிய பிறகு உங்கள் விரலை எந்த மிஷினில் வைத்தாலும் ஏற்காது. பத்திரங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ரப்பரில் போலி விரல் செய்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. அந்த வழியை அடைக்க இதுதான் கைவசம் உள்ள நல்ல பூட்டு.

"அப்போ ரேஷன் எப்படி வாங்குறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம், 10 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். அல்லது குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறொருவர் போய் விரல் வைக்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் ஆதார் எப்போதும் பூட்டியே இருக்கும், ரேஷனுக்கு நான் போகிறேன். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியே வேண்டாம் என்றால், கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரோடு இணைந்த செல் நம்பர் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய நம்பர் போய்விட்டது, மகன் நம்பர் கொடுத்திருக்கிறது என்றால், முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுங்கள்.

படி 3: நகல் கொடுக்கும்போது

ஜெராக்ஸ் கடைக்காரனாகச் சொல்கிறேன், இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது. கோணலாக விழுந்த நகலை வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போவார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் படம் கடை கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். என் கடையில் தினமும் ஷட்டர் இறக்கும் முன் அழித்துவிடுகிறேன், கெட்ட நகலைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் போகும் கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணே, அந்த ஃபைலை என் கண்ணு முன்னாடி டெலிட் பண்ணிடுங்க, வாட்ஸ்அப்லயும் எடுத்துடுங்க." நல்ல கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நகலின் மேல், படத்தையும் எண்ணையும் தொட்டுச் செல்கிற மாதிரி, குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதி. கீழே கையெழுத்து. 'சிம் வாங்க மட்டும்' என்று எழுதிய நகலை வைத்து யாராவது கடன் கொடுத்திருந்தால், எப்படிக் கொடுத்தீர்கள் என்று நாளைக்கு நீங்கள் நிமிர்ந்து கேட்கலாம். முதல் 8 இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரை அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜ், வாடகை வீடு போன்ற இடங்களுக்கு அது போதும்.

விரல் வைக்கிற இடத்தில் "இன்னொரு வாட்டி" என்று கேட்டால், முதல் தடவை என்ன ஆனது என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். சிம் வாங்கிய அன்று இரவே சஞ்சார் சாத்தியில் ஒரு பார்வை. முடிந்தவரை சிம்மைக் கம்பெனியின் சொந்த ஷோரூமிலேயே வாங்குங்கள்.

பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் தேவை. பணம் வாங்குவதற்கு எவரும் பின் கேட்கத் தேவையில்லை. இதை வீட்டில் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

படி 4: பணம் போய்விட்டால், அந்த ஒரு மணி நேரம்

முதலில் வங்கியின் புகார் எண்ணுக்குப் பேசி கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. கார்டின் பின்புறம், பாஸ்புக், வங்கியின் சொந்த ஆப் இவற்றில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். இன்றைக்கே அதை போனில் பதிந்து வையுங்கள், ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். போன் திருடு போகும் நாளில் அந்தக் காகிதம்தான் உதவும்.

அடுத்தது 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். உங்கள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்னதும் அது போய்ச் சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பிடித்து வைப்பார்கள். யாராவது ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகக் கூடாது. பேசும்போது உங்கள் கணக்கு எண், தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் வந்த பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்) கையில் இருக்கட்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கிக்கும் இன்னொருவர் 1930-க்கும் ஒரே நேரத்தில் பேசுங்கள்.

அன்றைக்கே 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகாரை முழுதாகப் பதிந்து எண்ணை வாங்குங்கள். திடீரென்று போனில் சிக்னல் போய், மணிக்கணக்கில் வராமல் இருந்தால் அதையும் சாதாரணமாக விடாதீர்கள். உங்கள் நம்பரில் வேறொருவர் புது சிம் எடுத்திருக்கலாம்.

படி 5: இழப்பு யார் தலையில்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைப் பிரித்துச் சொல்கிறது. அதன் சாரத்தை மனதில் வைத்துக்கொண்டு கிளைக்குப் போனால் உங்கள் குரலே மாறும்.

தவறு வங்கியின் பக்கம் என்றால் (ஊழியரின் மோசடி, கவனக்குறைவு, சேவைக் குறைபாடு) நீங்கள் எப்போது சொன்னாலும் முழு இழப்பும் வங்கிக்கு.

உங்கள் மேலும் தவறில்லை, வங்கி மேலும் தவறில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 25,000. போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த தொகைதான். 7 நாளும் தாண்டிவிட்டால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி முடிவாகும். ஒவ்வொரு வங்கியும் அந்தக் கொள்கையைத் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும், புகார் எழுதும் முன் அதன் இப்போதைய வடிவத்தைப் படித்துவிடுங்கள்.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம். தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்எம்எஸ் வந்தது, மறுநாள் இரண்டாவது சனி என்று வையுங்கள். திங்கள்தான் முதல் நாள், புதன் மூன்றாவது நாள். நடுவில் பண்டிகை விடுமுறை வந்தால் அதுவும் கழியும். தாமதம் ஆகிவிட்டது என்று கிளையில் சொன்னால் காலண்டரை எடுத்து எண்ணிக் காட்டுங்கள்.

ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் உங்கள் இழப்பு. சொன்ன பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் இழப்பு. ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் இரண்டு நாள் மறைக்கிறவர்களைப் பார்த்து மனசு வலிக்கிறது. மறைக்கும் நேரம் முழுக்க இழப்பு உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னும் இரண்டு விஷயம் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. வாடிக்கையாளரின் தவறுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. நீங்கள் தகவல் சொன்ன 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் கணக்கிலிருந்து ஒரே காலையில் இரண்டு முறை 10,000 போயிற்று. ஆதார் வழியாக, ஊர் பெயர் தெரியாத எங்கோ ஒரு மிஷினில். கிளையில் இருந்தவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "ஓடிபி சொல்லியிருப்பீங்க, உங்க தப்புதான்" என்றார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், வந்தது பணம் எடுத்த எஸ்எம்எஸ் மட்டும், ஓடிபி என்று எதுவும் வரவே இல்லை. அம்மாவோ தலையைக் குனிந்துகொண்டு "வாப்பா போலாம்" என்கிறார். நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு, அந்த நேரத்தில் அவர் தண்டையார்பேட்டை மருத்துவமனையில் இருந்ததற்கான சீட்டு, தவறு என்னுடையது என்றால் அதற்கான ஆதாரத்தை எழுத்தில் தாருங்கள் என்ற வரி, 1930 புகார் எண். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்கினேன். சீல் வைக்கத் தயங்கினார்கள், வாங்காமல் நகரவில்லை. ஒன்பதாவது வேலை நாளில் 20,000 கணக்குக்குத் திரும்ப வந்தது. வாயால் சொன்ன புகாரை யாரும் 'இல்லை' என்று சொல்லிவிடலாம், சீல் வைத்த தாளை அப்படித் தள்ள முடியாது.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 14448 எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கும் கட்டணம் இல்லை.

படி 6: வாங்காத கடனுக்குப் போன் வந்தால்

ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். தொல்லை விட்டால் போதும் என்று 2,000 கட்டினால், "உங்க கடன்தானே, அதனாலதானே கட்டினீங்க" என்று அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: கடன் ஒப்பந்த நகல், கொடுக்கப்பட்ட அடையாள ஆவணங்கள், அப்போது எடுத்த புகைப்படம், பதிந்த செல் நம்பர், பணம் எந்தக் கணக்குக்குப் போனது. கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் பெரிய பிடி. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, பொதுவாகக் கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும். உங்களுடையது அல்லாத கணக்குக்குப் போயிருந்தால், யாரைச் சரிபார்த்துக் கொடுத்தீர்கள் என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே நாளில் கடன் அறிக்கை நிறுவனத்திலும் 'இது என் கடன் இல்லை' என்று தகராறு பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மீறினால் நேரத்தைக் குறித்து வையுங்கள், புகாரில் சேர்க்கலாம்.

படி 7: காவல் நிலையம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் என்கிறது. கணினி அல்லது போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, தண்டனை அதே அளவுதான். புகாரில் இந்த எண்களைக் குறிப்பிடுங்கள்.

வட சென்னையில் பாதி சென்னை ஆணையரகத்திலும், மணலி பக்கம் ஆவடி ஆணையரகத்திலும் வருவதால், "இது எங்க எல்லை இல்ல" என்று அலைக்கழிய நேரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. பணிவாகவே அதைச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.

அக்காவுக்கு வந்த மாதிரி கடிதம் வந்தால் முதலில் அது உண்மையா என்று அருகிலுள்ள நிலையத்தில் காட்டுங்கள். அதே புதிய சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று யாராவது மிரட்டினால் அப்படி ஒன்று சட்டத்தில் கிடையாது, வைத்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள்.

கணக்கை வாடகைக்குக் கொடுக்காதீர்கள்

தம்பிமார்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, கையில காசு தரேன்" என்று கல்லூரி வாசலிலும் டீக்கடையிலும் கேட்கிறார்கள். இங்கே உங்கள் அடையாளத்தை யாரும் திருடவில்லை, நீங்களே கொடுக்கிறீர்கள். அந்தக் கணக்கில் வந்து விழுவது வேறொருவரின் ஓய்வூதியமாக இருக்கும், காவலர்கள் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் அப்போது கைகொடுக்காது.

எம்.சி. ரோடு கடைக்காரர்களின் நிலை வேறு. துணி வாங்கியவர் அனுப்பிய யுபிஐ பணம் திருட்டுப் பணமாக இருந்து, கடைக் கணக்கு முடங்குவதுண்டு. வங்கியிடம் புகார் எண்ணையும் எந்த நிலையம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த விற்பனைக்கான பில்லை அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். பில் போடாமல் விற்றிருந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது.

மீன் வெட்டும் அக்காவுக்கு வருவோம். சஞ்சார் சாத்தியில் அந்த நம்பரைத் துண்டிக்கச் சொல்லி, குறிப்பு எண்ணை அச்செடுத்தோம். சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்தோம். சிம் வாங்கிய தேதியில் சில நிமிட இடைவெளியில் விரல் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டதைக் காட்டும் ஆதார் பட்டியலையும் எடுத்தோம், நல்ல வேளையாக 6 மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு, உள்ளூர் நிலையம் வழியாக அந்த வெளிமாநில நிலையத்துக்கு விளக்கக் கடிதம் அனுப்பினோம். அதன் பிறகு ஒரே ஒரு முறை அங்கிருந்து போன் வந்தது. அக்கா மீன் கடையிலிருந்தே, ஒரு கையில் போனும் மறு கையில் ஃபைலுமாக, அதில் இருந்த தேதிகளை வரிசையாகப் படித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு மேல் கூப்பிடவில்லை. ஃபைல் அவர் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் தட்டில் இருக்கிறது.